2.224566

புதுக்கோட்டையைத் தாண்டித் தூத்துக்குடிக்குப் போனால், ஸ்பிக் உர ஆலையை ஒட்டி 1978-இல் தொடங்கிய கனநீர் ஆலை. கனநீரில் இருப்பது டியூட்டிரியம். அதன் கருவில் ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், அவ்வளவுதான். இவ்விரண்டையும் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? அந்த எண் வளர்ந்த கதை எனக்கு அலுப்பதே இல்லை.

1934-இல் கேம்பிரிட்ஜில் சாட்விக்கும் கோல்ட்ஹேபரும் தோரியம் வழிவந்த காமாக் கதிரால் அந்தக் கருவை உடைத்தார்கள். (தோரியம் நம் தென்கடற்கரை மணலிலேயே கிடக்கிறது.) கிடைத்த விடை சுமார் 2.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். 1948-இல் கனடாவில் பெல்லும் எலியட்டும் எதிர்வழியில் போனார்கள். புரோட்டானும் நியூட்ரானும் சேரும்போது வெளிவரும் கதிரை அளந்து 2.230 என்றார்கள், 0.007 முன்பின் இருக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். அந்த 'முன்பின்'தான் அழகு. இன்றைய மதிப்பான 2.224566 அதன் விளிம்புக்குள்தான் விழுகிறது.

தூத்துக்குடியில் முத்துக்குளித்த சலாபக் காலத்தில் முத்துகளைத் தரம் பிரிக்க, ஒன்றைவிட ஒன்று நுண்ணிய துளையுள்ள பித்தளைச் சல்லடைகள் இருந்தன. தசம இலக்கங்களுக்கும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் புதுச் சல்லடை வேண்டும். 1999-இல் வெளியான அளவீட்டுக்குப் பிரான்சின் கிரெனோபிள் அணு உலையில் வைத்திருந்த படிகங்கள் உதவின. அவற்றில் கதிர் திரும்பும் மிகச் சிறிய கோணத்தை அளந்தார்கள். கதிரை உமிழும் கரு பின்னுக்கு உதைபடுமே, அதில் போகும் 0.0013-ஐயும் விடாமல் கூட்டிக்கொண்டார்கள்.

மின்னேற்றம் இல்லாத நியூட்ரானை நிறைமானியில் நேராக நிறுக்க முடியாது. அதன் துல்லியமான நிறை இந்த எண்ணின் வழியாகத்தான் கிடைக்கிறது.