நெய்தல் நமக்கு எட்டாத நிலமா?

ஒரு நிலத்தை அறிவதற்கு அந்நிலத்துக் கருப்பொருள்களை அறிதல் வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. தெய்வம், உணவு, விலங்கு, மரம் என எண்ணப்படும் அக்கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்று. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் மலாக்கா நீரிணையின் ஓரத்தில் வாழும் நம் எழுத்தில் அந்நிலத்துப் புள் பெரும்பாலும் பெயரற்ற பறவையாகவே பறக்கிறது. இக்குறையின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழம்புலவர் கண்ட கடல்

ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடியவர் அம்மூவனார். அதில் 'சிறுவெண்காக்கைப் பத்து' என ஒரு பகுதி உண்டு. பத்துப் பாட்டும் பெருங்கடற் கரையில் வாழும் அந்த ஒரே பறவையில் தொடங்குகின்றன. ஆனால் பத்தும் ஒன்றல்ல. ஒரு பாட்டில் அது புன்னைக் கிளையில் தங்கும். மற்றொன்றில் கழியின் நீர்த்துளி எழுப்பும் ஓசையில் உறங்கும். வேறொன்றில் அயிரை மீனை உண்ணும். ஒரு பறவையைப் பலமுறை பார்த்தவர்க்கே இவ்வேறுபாடு கைவரும். பார்வை வளமாக இருந்தமையால்தான் உரிப்பொருளும் வளமாயிற்று.

அகநானூற்று 160ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. குமிழிஞாழலார் நப்பசலையார் பாடிய அப்பாட்டில், சூல் நிறைந்த ஆமை அடும்பங்கொடி சிதைய மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டையின் உருண்டை வடிவத்தையும் புலால் மணத்தையும் புலவர் குறிக்கிறார். பின்னர், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அதனைக் காப்பதாகவும் பாடுகிறார். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கடலாமைகளில் ஆணும் காவல் இருப்பதில்லை. தாயும் முட்டையிட்டவுடன் கடலுக்குத் திரும்பிவிடும். கொடி, மணல், முட்டை ஆகியவற்றைக் கண்ணால் கண்ட புலவர், காவலை மட்டும் மனத்தால் கண்டார் போலும். எனினும் அப்பிழை பாட்டைக் கெடுக்கவில்லை. இரவில் மறைந்து வந்த தலைவனின் தேர் இன்று பகலில் ஊரறிய வந்தது என்பதே பாட்டின் செய்தி. மணலில் புதைந்து, காவலில் இருந்து, ஒருநாள் வெளிப்படும் முட்டை, மறைந்திருந்து வெளிப்படும் காதலுக்குப் பொருந்துகிறது. கண்டதன்மேல் கட்டிய கற்பனைக்கு இத்தகைய வலிமை உண்டு.

நம் எழுத்தில் கடல்

மலேசியத் தமிழ் எழுத்தில் கடல் பெரும்பாலும் பிரிவின் கடலாகவே வருகிறது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்திறங்கியவர்களின் மரபுக்கு அது இயல்பே. இறங்கியவர்கள் இரப்பர்த் தோட்டத்துக்குள் சென்றனர்; கடல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. தோட்ட இலக்கியம் உயிர் பெற்றது அதன் சொற்களால். பிரட்டுக் களம், லயம், ஒட்டுப்பால் என்பவை அகராதியிலிருந்து எடுத்தவை அல்ல, உடம்பால் அறிந்தவை. அதே எழுத்தாளர் கடற்கரைக்கு வரும்போது மட்டும் அன்னமும் அன்றிலும் இரவலாக வருகின்றன. மாணவர் கட்டுரையிலோ கதிரவன் மறைகிறான், அலை தாலாட்டுகிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன. எந்தப் பறவை, எந்தக் கூடு என்று எவரும் கேட்பதில்லை.

"தோட்டத்தானுக்குக் கடல் ஏது? வாழாத நிலத்தை எழுதச் சொல்லலாமா?" என்று வினவுவோர் உளர். நேர்மையான வினாவே. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல குடும்பங்கள் நகரங்களில் குடியேறி ஆண்டுகள் பல ஆயின. உம்பாய்ப் பகுதிப் படகுத்துறையிலிருந்து பெசார் தீவுக்குச் செல்லும் படகில் இன்று நம்மவரும் அமர்ந்திருக்கின்றனர். அப்படகிலிருந்து பார்ப்போமானால், நீரில் நட்ட கழிகளின்மேல் ஆலாக்கள் வரிசையாக அமர்ந்திருக்கக் காணலாம். ஒன்று எழுந்து, காற்றில் ஒரு கணம் நின்று, தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும். வெண்வயிற்றுக் கடற்பருந்து உயரத்தில் வட்டமிடும். கரையோரப் பாறையில் கரைக்கொக்கு காத்திருக்கும்.

வடக்கே, நெகிரி செம்பிலானால் சூழப்பட்டும் மலாக்காவுக்கே உரிய தஞ்சோங் துவானில், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத அளவில் தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வருகின்றன. நிலத்தில் எழும் வெப்பக் காற்றில் மிதந்து செல்லும் இப்பறவைகளுக்குக் கடலின்மேல் அத்துணை இல்லை. ஆதலின் நீரிணை குறுகிய இடத்தைத் தேர்ந்து, களைத்து, தாழப் பறந்து கரை சேர்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இதனைக் காணும் விழா நடத்தி வந்துள்ளது. குமரியாடி வடதிசை ஏகும் நாரையைச் சத்திமுத்தப் புலவர் விளித்தார். வடதிசை ஏகும் நம் பருந்தை விளித்த தமிழ்ப்பாட்டு எத்தனை?

இழப்பு எது?

மலாக்காக் கரை அழுங்காமைகள் முட்டையிடும் இடமாகும். பாடாங் கெமுந்திங்கில் அவற்றுக்கெனக் காப்பகம் உள்ளது. முன்பு பல ஆமைகள் கரையேறிய உப்பே தீவின் மணற்பரப்பு, கடல் தூர்க்கப்பட்டதால் அரிப்புக்குள்ளாயிற்று என்பது இயற்கைக் காப்பாளர்களின் முறையீடு. நப்பசலையார் பாடிய அடும்பங்கொடி நம் கரையிலும் படர்கிறது. அக்கொடியின் பெயர் அறியாதவனுக்கு, அது அழியும்போது அழுவதற்குச் சொல் இராது. பெயர் சொல்ல இயலாத இழப்பு, இழப்பாகவே தோன்றாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கடற்கரையில் ஒரு மாலை' என்னும் தலைப்பைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். மாணவரை ஒருநாள் படகில் ஏற்றுங்கள். ஒரே ஓர் ஆலாவைப் பார்த்துப் பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்திலேனும் உவமை வேண்டாம். அம்மூவனார் ஒரு சிறுவெண்காக்கையைப் பத்துமுறை பார்த்தார். பத்தாம் வாக்கியத்தை எழுதி முடிக்கும் மாணவன், நெய்தல் தேர்வுக்குரிய செய்தியன்று, தன் ஊர்க் கடல் என்பதைத் தானே உணர்வான்.