வெறுங்கையில் முழம் போடலாமா?

பழைய துணிக்கணக்கு பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூலத்தில் 'எட்டு முழம்' என்று இருந்தால், உடனே பக்கத்தில் '3.6576 மீட்டர்' என்று போட்டுவிடுவார்கள். முழம் 18 அங்குலம், அதாவது 0.4572 மீட்டர். எட்டால் பெருக்கினால் வேலை முடிந்தது. நானும் அப்படி நாலு வரி நிரல் எழுதி வைத்திருந்தவன்தான். அதை அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர். விசைத்தறி ஓடுகிற சங்கரன்கோவில் பக்கத்தில்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பீரோவில் இருந்த வேட்டிகளின் லேபிளைப் பார்த்தேன். எட்டு முழ வேட்டியில் 3.70 மீட்டர். நாலு முழத்தில் 2.00 மீட்டர். வகுத்துப் பாருங்க: ஒன்றில் முழம் 46.25 சென்டிமீட்டர், இன்னொன்றில் 50. ஒரே பீரோவுக்குள் ரெண்டு முழம்! இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 'எட்டு முழம்' என்பது இன்றைக்கு ஒரு வகை வேட்டியின் பெயர். அளவைச் சொல்வது மீட்டர்தான்.

கெஜம் இன்னும் சிக்கல். அக்பர் காலத்து இலாஹி கெஜம் 41 விரல். அதை ஆங்கிலேயர் பிற்பாடு 33 அங்குலம் என்று நிர்ணயித்தார்கள். வங்காளக் கெஜம் 36 அங்குலம், பம்பாய்க் கெஜம் 27. ஆகவே பழைய கணக்கில் 'ஆறு கெஜம்' என்று கண்டால் அது 5.49 மீட்டராகவும் இருக்கலாம், 5.03 ஆகவும் இருக்கலாம், 4.11 ஆகவும் இருக்கலாம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு நாலாவது தசமம் வரை எழுதுவதில் என்ன பயன்? அந்த 0.4572 கூட, 1959-ல் நாடுகள் கூடி யார்டு என்றால் 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டதன் பாதிதான்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. அர்த்தசாஸ்திரம் 24 விரல் முழத்தைச் சொல்லிவிட்டு, மேய்ச்சல் நிலத்துக்கு 28 விரல், காட்டு விளைபொருளுக்கு 54 விரல் என்று தனித்தனி முழம் தருகிறது. எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்து முழம்.

கம்பெனிக் காலத்துத் துணி ஆவணங்களில் 'கோவிட்' என்று ஓர் அளவு வரும். பதறாதீங்க, நோய் இல்லை. முழம் என்ற பொருளில் வரும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இது ஊருக்கு ஊர் மாறியது என்று ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே சொல்கிறது. கம்பெனிக் கிடங்கில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத்தான் சரக்கை எடுப்பார்கள். நீளமோ அகலமோ குறைந்தால் விலை குறையும், அல்லது துணி திரும்பி வரும். நஷ்டம் நெசவாளிக்கு. இதைப் படிக்கிற நாம் இரண்டு பக்கத்துக்கும் 18 அங்குலத்தைப் போட்டால், யார் கை, யார் கோல் என்ற தகராறே மறைந்துபோகும். நெசவாளி துணியைக் குறைத்துவிட்டார் என்பது மட்டும் மிஞ்சும். தறியிலிருந்து இறக்கிய துணி தளர்ந்தும், நனைத்தால் இன்னும் சுருங்கியும் போகும் என்பதும் கணக்கில் வராது.

18 அங்குலம் தப்பு என்று நான் சொல்லவில்லை. தோராயத்துக்கு அது நல்ல எண். ஆனால் தோராயம் என்று எழுதணும். மூலத்தில் உள்ள அலகை அப்படியே வைத்து, எந்த ஊர், எந்த வருஷம், யாருடைய கோல் என்று கேட்டுவிட்டு, 'சுமார் மூன்றரை முதல் மூன்றே முக்கால் மீட்டர்' என்று ஒரு வரம்பாகக் கொடுத்தால் போதும். நீளமும் அகலமும் ஒரே முழத்தில் இருந்தால், மீட்டரே இல்லாமல் விகிதத்தை வைத்து நிறையப் பேசலாம்.

என் புது நிரல் முதலில் ஊரையும் வருஷத்தையும் கேட்கும். தெரியாது என்றால் மீட்டர் தராது. வெறுங்கையில் முழம் போடுவதில்லை என்று அதற்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.