கொல்லிப்பாவையும் திரையின் பேய்மகளிரும்

கொல்லிமலையைக் குறித்துப் பேசுவோர் கொல்லிப்பாவையை நினையாதிருப்பதில்லை. நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களில் அப்பாவை தலைவியின் அழகுக்கு உவமையாக நிற்கிறது. பிற்காலக் கதையோ, அவள் நகைத்து மயக்கி, அணுகுவோரைக் கொல்பவள் என்கிறது. ஆயினும் அம்மலையில் மெய்யாகவே பலரைக் கொன்றது பாவையன்று, மலேரியாக் காய்ச்சலே. அங்கே ஊழியஞ்செய்த மிஷனெரி ஜெஸி பிராண்டு 1929இல் அதனால் மரித்தார். அவருடைய மனைவி எவ்லின் அம்மையாரோ, முதிர்வயதிலும் மலைமக்களிடம் திரும்பிச் சென்று உழைத்து, 1974இல் மறைந்தார். அபாயம் ஓரிடத்திலிருக்க, அதற்குப் பெண்முகம் தீட்டுவது மனிதர் வழக்கம்.

நம் திரைப்படங்களும் இதையே செய்கின்றன. பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யில் (2005) காதலனைக் கொன்று, நடனமாதை உயிரோடு எரித்தவன் அரசன் வேட்டையன். எனினும் அரண்மனையிலுள்ளோர் அஞ்சி நடுங்குவது அவள் பெயருக்கே. முடிவில் அவளுக்குக் கிடைப்பதும் உருவப்பொம்மையின்மேல் நிறைவேறும் பாவனை நீதியே. அவள் துயரம் படத்திற்குக் கதையாகப் பயன்படுகிறது. அவளோ அகற்றப்படவேண்டிய தொல்லையாகவே எஞ்சுகிறாள்.

இதற்கு விலக்காக மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) நிற்கிறது. விபத்தில் மாண்ட பெண், அவ்விபத்துக்குக் காரணமானவனையே காக்கிறாள். அவள் யார், எவ்வாறு மாண்டாள் என்று தேடிச் செல்பவன், இறுதியில் தன் குற்றத்தையே கண்டடைகிறான். பயங்கரத்தினின்று மனந்திரும்புதலுக்கு நம்மை நடத்தும் படம் இது.

திரையுலகை மட்டும் குறைகூறுவது நமக்குத் தகாது. ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்ற மகதலேனா மரியாள் (லூக்கா 8:2) பாவியென்று வேதம் எங்கும் சொல்லவில்லை. எனினும் 591ஆம் ஆண்டில் போப்பு முதலாம் கிரிகோரி ஆற்றிய பிரசங்கம், லூக்கா 7ஆம் அதிகாரத்துப் பாவியான ஸ்திரீயோடு அவளை ஒன்றாக்கிற்று. உயிர்த்தெழுதலின் முதற்சாட்சி, நூற்றாண்டுகளாக மேற்குத் திருச்சபையின் பிரசங்கங்களில் மயக்கும் மாதாகவே உலவினாள். கொல்லிப்பாவைக்கு நேர்ந்தது அவளுக்கும் நேர்ந்தது.

இன்றும் ‘பேய் பிடித்தவள்’ என்று பெண்கள் ஆயரிடம் அழைத்துவரப்படுகின்றனர். கூட்டிவந்தோர் அவளுக்காகப் பேசுகின்றனர். அவள் தலைவிரிகோலமாய் நிற்கிறாள். நாமோ உடனே கடிந்துகொள்ளத் தொடங்குகிறோம். அவளை அடித்தவர் யார், அவள் எதை இழந்தாள், மருத்துவம் வேண்டுமோ என்று விசாரிப்பவர் நம்மில் எத்தனை பேர்? பெரும்பாடுள்ள ஸ்திரீ சகல ஜனங்களுக்கு முன்பாகவும் தன் கதையைச் சொல்லுமளவும் ஆண்டவர் வழியில் நின்றார் (லூக்கா 8:47). ஜெபிக்குமுன் செவிகொடுப்பதும் நமது ஊழியமே.