சோதனையும் அடக்கமும்: விவிலியத் தமிழில் மனித வலுவின்மை

மனித வலுவின்மை பற்றிய கிறித்தவச் சிந்தனை தமிழில் பெரிதும் சில சொற்களையே சார்ந்து நிற்கிறது. இருமொழி வழங்கும் ஹனூர் வட்டாரத்தில் அச்சொற்களின் பொருளெல்லை தெளிவாகப் புலப்படும். இன்று சாமராசநகர் மாவட்டத்தில் அடங்கும் இவ்வட்டாரம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மார்ட்டள்ளி முதலிய ஊர்களில் தமிழ்க் கத்தோலிக்கர் இன்றும் வாழ்கின்றனர்.

‘பெய்ராஸ்மோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் தேர்வையும் தீமைக்கு ஈர்த்தலையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இவற்றுக்கு இரு சொற்களை ஆளுகிறது. தமிழோ ‘சோதனை’ என்னும் ஒன்றையே கொண்டது. ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்கிறது ஆதியாகமம்; கடவுள் எவரையும் சோதிப்பதில்லை என்பது யாக்கோபு திருமுகத்தின் கருத்து. தமிழில் வாசிப்போர்க்கு இது முரணாகவே தோன்றும். எனினும் இம்முரண் மூலத்திலேயே உள்ளதாகலின், சொல்லைப் பிரிப்பது விளக்கமாகுமேயன்றி மொழிபெயர்ப்பாகாது. கன்னட விவிலியமும் இதே வடசொல்லின் திரிபாகிய ‘ஶோதனெ’யை ஆளுகிறது. ஆனால் பேச்சுக் கன்னடத்தில் அதற்குத் தேடல், ஆய்வு என்பனவே முதற்பொருள். வடிவொற்றுமை பொருளொற்றுமையாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெயர்ச்சொல்லினும் வினைச்சொல்லிலேயே சிக்கல் மிகுதி. ஆண்டவர் கற்பித்த செபத்தில் 1871-இன் பவர் திருப்புதல் ‘உட்படப்பண்ணாமல்’ எனப் பிறவினை தந்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமும் ‘உட்படுத்தாதேயும்’ என்றே கூறுகிறது. கத்தோலிக்கர் மனப்பாடமாகச் சொல்லிவரும் செபமோ ‘விழவிடாதேயும்’ என்கிறது. முன்னையவற்றில் மனிதனைச் சோதனைக்குள் செலுத்துபவர் கடவுள். பின்னதில் விழுபவன் மனிதன், தடுக்க வேண்டப்படுபவர் கடவுள். கிரேக்க வினைக்கு முன்னையவையே நெருக்கமானவை. பிரெஞ்சு வழிபாடு 2017-இல் இசைவுப்பொருள் தரும் வினைக்கு மாறியதை நோக்கின், நம் செபம் அப்பொருளை முன்னரே கொண்டிருந்தது புலனாகும். அறிஞர் குழுவின் திருத்தத்தினும் முதியோர் வாய்மொழி இங்கு நுட்பமானது.

‘சார்க்ஸ்’ என்பதற்கு ‘மாம்சம்’ என்றது பழைய பெயர்ப்பு. பவுலடிகள் பழிப்பது உடலையன்று. பொறாமையும் பகைமையும்கூட அவர் பட்டியலில் உண்டு. எனவே திருவிவிலியத்தின் ‘ஊனியல்பு’, செயற்கைத்தன்மை சிறிது இருப்பினும், வரவேற்கத்தக்க ஆக்கம். கன்னடத்தின் ‘சரீரபாவ’ என்பதும் இவ்வழிப்பட்டதே.

‘என்கிராத்தேயா’ என்பதற்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அதன் வேர் ஆற்றலைக் குறிப்பது. தன்மேல் தனக்குள்ள ஆளுகை என்பதே பொருள். ‘இச்சையடக்கம்’ என்ற பழைய பெயர்ப்பு அதனைப் பெரும்பாலும் காமத்தளவில் குறுக்கிவிடுகிறது. குடியை விட முயல்பவனுக்கோ சினத்தை ஆள விழைபவனுக்கோ அச்சொல் தன்னைப் பற்றியதாகத் தோன்றாது. திருவிவிலியத்தின் ‘தன்னடக்கம்’ இன்றைய வழக்கில் தற்பெருமை பேசாமையையே உணர்த்தும். திருக்குறளின் ‘அடக்கமுடைமை’ அதிகாரம் புலனையும் நாவையும் ஒருங்கே தழுவியது. அவ்விரிவு பிற்காலச் சொல்லில் இல்லை. (கிறித்தவத் தமிழில் ‘அடக்கம்’ சவ அடக்கத்தையும் குறிக்கும் என்பது வேறு.) கன்னடப் பெயர்ப்பு ‘சமெதமெ’ என வேதாந்தக் கலைச்சொல்லை எடுத்தாண்டது. அகத்தை அமைத்தலும் பொறிகளை ஆளுதலும் அதில் இணைந்துள்ளன. ‘புலனடக்கம்’ என்பதைத் தமிழ்ப் பெயர்ப்பாளர் கருதிப் பார்த்திருக்கலாம். அதுவும் உள்ளத்தைத் தொடாமலே நின்றுவிடுகிறது.