ஆசிரியர் கையேட்டில் இல்லாத பக்கம்

மே மாசம் வந்தால் நம்ம சபைகளில் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. இதன் முன்னோடி 1898-ல் நியூயார்க்கில் தொடங்கியது. கோடையில் தெருவில் சுற்றிய பிள்ளைகளுக்காக ஹாவ்ஸ் அம்மையார் ஒரு பீர் ஹாலை வாடகைக்கு எடுத்தார். போக இடமில்லாதவர்களுக்கு ஓர் இடம் என்பதுதான் மூலக் கருத்து.

இந்த வருடம் வாலிப ஆசிரியர்களைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. கையேட்டை வரிவரியாகப் படித்தேன். பிகினர் முதல் இன்டர்மீடியட் வரை வயதுக்கேற்ற பாடம், மனப்பாட வசனம், ஆக்‌ஷன் பாட்டு, கைவேலை. நல்ல உழைப்பு. ஆனால் பாடம் நடத்தப்போகிற 17 வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

கெட்ட குமாரன் கதை சொன்ன அன்று, ஜூனியர் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாளாம்: "எங்க வீட்டை விட்டுப் போனது அப்பா. அவர் திரும்பி வந்தா நாங்க ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கணுமா?"

பாடம் நடத்திய தம்பி பதறிப்போய் வந்தான். "அண்ணா, என்ன சொல்றது?"

"ஜெபம் பண்ணிக்கலாம்டா. இப்ப ஜூஸ் கொடுக்கணும், வா" என்றேன்.

மறுநாளிலிருந்து கேள்வி நேரத்தை அவன் பாட்டுப் பாடியே ஓட்டினான். என்னிடம் அவன் கற்றுக்கொண்டது அதுதான்.

கையேட்டைக் குறை சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். பாதிக் குறை என்னுடையது. அடுத்த மே மாசம் பொறுப்பெடுப்பவர்களுக்கு ஒன்று: பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் வாலிபர்களோடு அரைமணி நேரம் உட்காருங்கள். அவர்கள் கேள்வியைக் கொண்டுபோகவும் ஓர் இடம் வேணும். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்காருங்கள்.