நாய்க்கூண்டும் டெக்சாஸ் காப்பகங்களும்

லெனோர் வாக்கரின் ‘தி பேட்டர்ட் வுமன்’ (1979) மறுபடி வாசித்தேன். அடிக்கிற கணவனை விட்டு அவள் ஏன் போகவில்லை? மின் அதிர்ச்சி வாங்கி வாங்கி, தப்பிக்கும் முயற்சியையே கைவிட்ட செலிக்மனின் நாய்களை வைத்து விளக்குகிறார். அவள்மேல் பழி விழக்கூடாதென்ற நல்லெண்ணம்தான். ஆனா கோளாறு அவள் மனசுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது.

டெக்சாஸ் காப்பகங்களுக்கு வந்த 6000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, காண்டால்ஃபும் ஃபிஷரும் 1988-ல் நேரெதிராக எழுதினார்கள்: வன்முறை கூடக்கூட அவர்கள் உதவி தேடுவதும் கூடியிருக்கிறது, கைவிட்டது உதவவேண்டிய அமைப்புகள். (நம்ம பாஷையில், ரிக்வெஸ்ட் போயிருக்கு, சர்வர்தான் பதில் தரல.) காப்பகம்வரை வரமுடியாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லைதான். இருந்தாலும் என் ஓட்டு இவர்களுக்கே. வாக்கரை மட்டும் படித்த ஆலோசகர், “ஏம்மா இன்னும் அங்கேயே இருக்கே?” என்றுதான் ஆரம்பிப்பார். “இதுவரை யார்கிட்டயெல்லாம் போனீங்க, அவங்க என்ன செஞ்சாங்க?” என்று கேட்கத் தோன்றாது.