இனமுள்ள அடையும் ஆங்கிலக் காற்புள்ளியும்

ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' முதலிய சொற்களால் தொடங்கிப் பெயரைத் தழுவிவரும் அடைத்தொடர்க்குக் காற்புள்ளி இடுவதா, விடுவதா என்பதில் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். பாடநூல்கள் பலவும் இதனை மனனஞ் செய்தற்குரிய விதியாகவே மொழிந்து செல்கின்றன. இவ்விதியின் உட்பொருள் நம் இலக்கணத்திலேயே உளதென்பதைக் காட்டாமை அவற்றின் பெருங்குறையாம்.

நம் துறைமுக வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாளே கப்பல்கள் பல துறைமுகத்தை நீங்கியிருந்தன. அவற்றுள் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்பை அடுத்த கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 'துறைமுகத்துள் நின்ற கப்பல்கள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின' என்பதனை ஆங்கிலத்திற் காற்புள்ளியின்றி எழுதின், நின்றவை நீங்கியவற்றினின்று பிரித்துச் சுட்டப்படும். அடைத்தொடரின் இருபுறமும் காற்புள்ளி இடின், கப்பல்கள் யாவும் துறைமுகத்துள்ளேயே நின்றன எனப் பொருள்படும். அது வரலாற்றுக்கு மாறாதல் காண்க.

நன்னூலார் பொதுவியலில், அடைசேர் மொழி இனமுள்ளதும் இனமில்லதும் ஆமென்றார். செந்தாமரை என்புழி அடை வெண்டாமரையை விலக்குகின்றது. செஞ்ஞாயிறு என்புழி விலக்குதற்கு வேறு ஞாயிறு இல்லை. இனஞ்சுட்டாத பண்படை உலக வழக்கிற்கன்றிச் செய்யுட்கே உரியதென்பது தொல்காப்பியர் கருத்து. இவை சொல்லடை பற்றி எழுந்தனவேனும், தொடரடைக்கும் ஏற்றுரைத்தல் பொருந்தும். இனமுள்ளதாயின் காற்புள்ளி வேண்டா, இனமில்லதாயின் வேண்டும்.

இனி, மொழிபெயர்ப்பாளர் கருதற்பாலது ஒன்றுண்டு. தமிழ்ப் பெயரெச்சம் இவ்விரு பொருட்கும் ஒரே வடிவினது. ஆங்கிலக் குறியீடுகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தோருள் தலையாயவர் ஆறுமுக நாவலர் (1822–1879). எனினும், பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் இடையே காற்புள்ளி இட்டு இவ்வேறுபாட்டை உணர்த்தும் மரபு நமக்கில்லை. ஆகவே, இனமில்லாத தொடரைப் பெயரெச்சமாக்காது தனிவாக்கியமாகப் பிரித்தெழுதுக: 'கப்பல்கள் துறைமுகத்துள் நின்றன, அவை குண்டுவீச்சுக்கு உள்ளாயின.' அரசாங்க அறிவித்தலிலும் சட்டத்திலும் இதனைப் பேணாவிடின், சிலர்க்குரிய கடமை பலர்க்காகும். பலர்க்குரிய உரிமை சிலர்க்காகிச் சுருங்கும்.

நன்னூலை ஒரு பாடவேளையிலும் ஆங்கிலத்தைப் பிறிதொரு பாடவேளையிலும் தொடர்பின்றிக் கற்பித்தல் இனி ஒழிதல் வேண்டும். 'காற்புள்ளி எங்கே?' என மாணவனை வினவுமுன், 'இவ்வடைக்கு இனம் உண்டோ?' என ஆசிரியர் வினவுவாராக.